அசைந்தது

மூன்று நாள் பனியில் நடந்து ஹும்பேர் அதைச் சுமந்து வந்தான்.
பாலாடைக்கட்டி விற்கும் கூடை. வைக்கோல், அதன்மேல் கம்பளி,
கம்பளிக்குள் பிறக்கும்போதே ஓய்ந்துபோயிருந்த ஒரு பெண்பிள்ளை.
"இங்கே எழுப்புவீர்களாமே" என்றான்.

எழுப்புவதில்லை, ஐயா.
தலையில் தண்ணீர் விழ எவ்வளவு நேரமோ
அவ்வளவு உயிர் போதும் எங்களுக்கு.
அதற்குள் ஒரு பெயர் கிடைத்துவிடும்,
கல்லறைத் தோட்டத்தில் இரண்டு முழ மண்ணும்.
இல்லையென்றால் வேலிக்கு வெளியே,
நரி தோண்டும் பக்கம்.

என் வேலை கரி.
பீடத்தின் இருபுறமும் கணப்புச் சட்டிகள், இரவெல்லாம் நான்.
உதட்டின்மேல் வாத்திறகை வைப்பவர் தெயோடுல் சாமியார்.
இறகு அசைந்தால் மூச்சு. மூச்சென்றால் உயிர்.
உயிரென்றால் ஞானஸ்நானம்.
சவ்வாய் மலையில் இதற்குமேல் யாரும் கணக்குக் கேட்டதில்லை,

அந்தக் குளிர்காலம் வரை. ஆயர் அனுப்பி ஓடிலோன் சாமியார் வந்தார்,
மூடி வைத்த மைக்கூடும் நல்ல செருப்புமாக.
பிள்ளையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.
"இது எந்தப் பழத்தைத் தொட்டது?
யாரிடம் பொய் சொன்னது?
விடுங்கள். கடவுள் இதன்மேல் கோபமாக இல்லை."

"வேர் கசந்தால் துளிரும் கசக்கும்" என்றார் தெயோடுல்.
"ஆதாமுக்குள் நாம் எல்லோரும் இருந்தோம்.
அவன் கை நீண்டபோது நம் கையும் நீண்டது."

"அந்த வசனம் கிரேக்கத்தில் அப்படியில்லை.
அவனுக்குள் என்று இல்லை. எல்லோரும் பாவம் செய்ததால் என்று இருக்கிறது.
ஒரு சிறு சொல்லைத் தவறாகப் பெயர்த்துவிட்டு
ஆயிரம் வருடமாய்க் குழந்தைகளை வேலிக்கு வெளியே புதைக்கிறோம்."

புத்தகம் கேட்டார். மெழுகுவர்த்தியை நகர்த்தினார்கள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை.
பிள்ளை பாவி என்றவர்தான் அதற்காக முழங்காலில் இருந்தார்.
பாவமே இல்லை என்றவர்
கோயிலைப் பூட்டத் தாள் கொண்டுவந்திருந்தார்.

ஹும்பேர் தொப்பியைப் பிசைந்தபடி சொன்னான்:
"கடன் பிறப்பிலேயே வரும், சாமி. அது எனக்குத் தெரியும்.
எங்கப்பன் அடகு வைத்த மேய்ச்சலுக்கு
இன்னும் வட்டி கட்டுகிறேன், நான் ஒரு நாளும் பார்க்காத பணம்.
இவளுக்கு அது வேண்டாம். அவ்வளவுதான்."

இருவரும் நிமிரவில்லை. ஒரு வேற்றுமை உருபில் சிக்கியிருந்தார்கள்.

கரி மங்கியது. ஊதத்தான் குனிந்தேன்.
சத்தியமாய் ஊதத்தான்.
பிறகு உதட்டைக்
கொஞ்சம்
திருப்பினேன்.

"இறகு!" என்று ஹும்பேர் கத்தினான்.
தண்ணீர். ஜாக்மெத் என்று பெயர், அவன் மனைவி கிகோன் சொல்லியனுப்பியது.
சொல்லி முடிப்பதற்குள் உயிர் போனதாய்த் தெயோடுல் சிலுவை போட்டார்.
ஹும்பேர் அழுதான். கூடையை மறந்துவிட்டுப் போனான்.

ஓடிலோன் என்னைப் பார்த்தார்.
என் கன்னத்தில் சாம்பல் ஒட்டியிருந்திருக்கும்.
மைக்கூட்டைத் திறந்து எழுதினார், எழுதியதை வாசித்தும் காட்டினார்:
இறகு அசைந்தது.
அசைத்தது என்று அல்ல.
நடுவில் ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தில்
நான் ஒளிந்துகொண்டேன், அவரும் கூட.

கோயில் இன்னும் பூட்டப்படவில்லை.
பாவசங்கீர்த்தனத்தில் வெண்ணெய் திருடியதைச் சொல்கிறேன்,
மருமகளை ஏசியதைச் சொல்கிறேன், இதைச் சொல்வதில்லை.
சொன்னால் வருந்தவேண்டும். வருத்தம் வரவில்லை.
எங்கிருந்து வந்தது எனக்கு அந்தப் பொய்?
யாரும் சொல்லித்தரவில்லை. ஆதாம்தான் கொடுத்தானோ,
இல்லை, அவன் மண்ணாய்க் கிடந்தபோது
குனிந்து மூக்கில் ஊதினாரே, அவரா?

மேலே ஏறும் பாதையில் நாய் குரைக்கிறது.
யாரோ எதையோ சுமந்து வருகிறார்கள், மெதுவாக.
கரி எடுக்கப் போகவேண்டும்.